எதிரியின் சட்டைப்பையில் இருந்த மூன்று படங்கள்: கிராவ் – கார்மேலா கடிதங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1879 மே 21 அன்று இக்கீக்கே துறைமுகத்தில் பெரு நாட்டு இரும்புக் கப்பலான வாஸ்கர், சிலி நாட்டு மரக்கப்பலான எஸ்மெரால்டாவை முட்டி மூழ்கடித்தது. எஸ்மெரால்டாவின் தலைவர் அர்த்தூரோ பிராத், வாளோடு வாஸ்கர் தளத்துக்குத் தாவி அங்கேயே கொல்லப்பட்டார். பன்னிரண்டு நாள் கழித்து வாஸ்கரின் தலைவர் மிகேல் கிராவ், பிராத்தின் மனைவி கார்மேலா கார்வஹாலுக்கு ஒரு கடிதம் எழுதினார். இறந்தவரின் உடலில் இருந்த பொருட்களையும் கூடவே அனுப்பிவைத்தார். அவற்றில் மூன்று புகைப்படங்களும் அடக்கம். கார்மேலா பதில் எழுதினார். இவ்வளவும் போர் நடந்துகொண்டிருக்கும்போதே நடந்தது.

இதைப் பற்றி இணையத்தில் உலவும் செய்திகளில் பாதி வாளைச் சுற்றியே வருகிறது, மீதியில் மொழிபெயர்ப்புப் பிழைகள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எந்தப் போர் இது? யாருக்கும் யாருக்கும்?

ஒரு பக்கம் சிலி, மறுபக்கம் பெருவும் பொலிவியாவும். அட்டகாமா பாலைவனத்தின் வெடியுப்பு வயல்களும் அதன்மேல் பொலிவியா போட்ட வரியும்தான் சண்டைக்கு வித்து. 1879 ஏப்ரலில் சிலி போர் அறிவித்தது. பாலைவனக் கரையில் சாலையும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. கடல் யார் கையில் இருக்கிறதோ அவர்கள்தான் படையை நகர்த்த முடியும். ஆகவே முதல் ஆறு மாதம் இது கப்பல் சண்டை. இக்கீக்கே அப்போது பெருவின் ஊர், இன்று சிலியின் ஊர்.

பிராத்தும் கிராவும் முன்பே எதிரிகளா?

எதிரிகளே அல்ல. 1866 பிப்ரவரி 7 அன்று சிலியின் அப்தாவோவில் ஸ்பெயின் கப்பல்களை எதிர்த்து பெருவும் சிலியும் தோளோடு தோள் நின்றன. அன்று பெருவின் ஊனியோன் கப்பலின் தலைவர் கிராவ். சிலியின் கோவதோங்கா கப்பலின் தலைவர் மனுவேல் தாம்சன். இளம் அதிகாரியாக பிராத்தும் அதே பக்கத்தில் இருந்தார். பதினான்கு ஆண்டும் சில நாட்களும் கழிவதற்குள் இந்த மூவரின் உயிரும் ஒரே கப்பலில் போனது. அந்தக் கப்பல் வாஸ்கர்.

இன்னொரு உறவும் உண்டு. கிராவின் மனைவி தொலோரெஸ் கபேரோ. அவருடைய சகோதரி மனுவேலாவை மணந்தவர் சிலி கடற்படை அதிகாரி ஓஸ்கர் வியேல். அதாவது கிராவுக்கு எதிரிக் கடற்படையில் சொந்தச் சகலை இருந்தார். இந்தச் சகலை கீழே இன்னொரு முறை வருவார்.

பிராத் எப்படி எதிரிக் கப்பலின் தளத்துக்குப் போனார்?

கப்பல்களைப் பார்த்தால் இது விளங்கும். எஸ்மெரால்டா 1855இல் கடலில் இறங்கிய மரக்கப்பல். கொதிகலன் பழுதாகி, அன்று மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. வாஸ்கர் இங்கிலாந்தில் பர்க்கன்ஹெட் ஊரின் லேர்ட் பட்டறையில் கட்டப்பட்டு 1865இல் இறங்கியது. நீளம் சுமார் 67 மீட்டர், பக்கவாட்டில் 114 மில்லிமீட்டர் இரும்புக் கவசம், சுழலும் கோபுரத்துக்குள் 10 அங்குல ஆம்ஸ்ட்ராங் பீரங்கி இரண்டு. எஸ்மெரால்டாவின் குண்டுகள் கவசத்தில் பட்டுத் தெறித்தன.

ஆனால் வாஸ்கரின் பீரங்கிகளும் அன்று சரியாக வேலை செய்யவில்லை. கோபுரத்தைக் கையால்தான் சுழற்ற வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்குப் பதினாறு பேர் கால் மணி நேரம் திருக வேண்டும். அலையில் கப்பல் ஆடுகிறது, குறி தப்புகிறது. பிராத் வேறு தன் கப்பலைக் கரையை ஒட்டி நிறுத்தியிருந்தார். குறி தப்பினால் குண்டு பெருவின் சொந்த ஊருக்குள் விழும். மணிக்கணக்கில் இப்படி இழுத்த பிறகுதான் கிராவ் முட்ட முடிவு செய்தார்.

முட்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. மோதியதும் உடனே எஞ்சினைப் பின்னோக்கி ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் முகப்பிலுள்ள கூர்முனை எதிரியின் வயிற்றில் சிக்கி, மூழ்கும் கப்பல் நம்மையும் கீழே இழுக்கும். ஆகவே இரு கப்பல்களும் ஒட்டியிருக்கும் நேரம் சில நொடிகள்தான். முதல் மோதலில் பிராத் அந்த நொடிகளுக்குள் தாவிவிட்டார். கூடவே சார்ஜென்ட் ஹுவான் தே தியோஸ் அல்தேயாவும் தாவினார். பீரங்கிச் சத்தத்தில் மற்றவர்கள் காதில் கட்டளை விழவில்லை. விழுந்தவர்களுக்கும் இடைவெளி அகன்றுவிட்டது. கோபுரத்தின் அருகே பிராத் விழுந்தார். இரண்டாம் மோதலில் லெஃப்டினன்ட் இக்னாசியோ செர்ரானோ ஏறக்குறைய ஒரு டஜன் பேருடன் தாவி அவரும் மடிந்தார். மூன்றாம் மோதலில், நண்பகல் தாண்டியதும், எஸ்மெரால்டா மூழ்கியது. தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்க கிராவ் படகுகளை இறக்கினார்.

வாஸ்கர் தளத்திலும் ஒருவர் இறந்தார். பெருவின் லெஃப்டினன்ட் ஹோர்ஹே வெலார்தே. கிராவின் கடிதத்தைப் படிக்கும்போது, தன் அதிகாரியையும் அதே தளத்தில் பறிகொடுத்தவர் எழுதியது இது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

திருப்பி அனுப்பிய பொருட்கள் எவை? முழுப் பட்டியல் உண்டா?

உண்டு. பட்டியலின் தேதி மே 21, இடம் இக்கீக்கே நங்கூரத்தில். சண்டை நடந்த அன்றே எழுதியது. அதில் இருப்பவை:

தொங்கவிடும் தோல்வார் இல்லாத வாள் ஒன்று. தங்கத் திருமண மோதிரம் ஒன்று. முத்துச்சிப்பியால் ஆன மணிக்கட்டுப் பொத்தான் ஒரு ஜோடி, அதே சிப்பியில் சட்டை மார்புப் பொத்தான் இரண்டு. புகைப்படப் பிரதிகள் மூன்று: ஒன்று அவர் மனைவியுடையது, மற்ற இரண்டும் அநேகமாக அவர் குழந்தைகளுடையவை. இயேசுவின் திருஇருதயச் சின்னம், கார்மேல் மாதா உத்தரியம், அமல உற்பவ மாதா பதக்கம். பிரெவில் கையுறை ஒரு ஜோடி. அடையாளக் குறி இல்லாத வெள்ளை லினன் கைக்குட்டை. குறிப்புப் புத்தகம் ஒன்று. ஒட்டிய கடிதம் ஒன்று. மேலே எழுதியிருந்தது: திரு. லாசேரோ, வால்பரைசோ ஆளுநர் அலுவலகம், லொரென்சோ பரேதெஸிடம் சேர்ப்பிக்க.

கடைசி வரியைத் திரும்பப் படியுங்கள். எதிரிக் கப்பல் தலைவனின் சட்டைக்குள் இருந்து ஒட்டிய கடிதம் ஒன்று கிடைக்கிறது. சிலியின் பிரதானக் கப்பல்கள் எங்கே போயிருக்கின்றன என்பதற்கு அதில் துப்பு இருந்திருக்கலாம். வேறு எவராயிருந்தாலும் பிரித்துப் பார்த்திருப்பார்கள். பட்டியலில் அது ஒட்டியபடியே இருக்கிறது, ஒட்டியபடியே போகிறது.

எல்லோரும் கிராவின் கடிதத்தை மேற்கோள் காட்டுகிறார்கள். எங்கள் கணக்கில் பட்டியல்தான் பெரிய ஆவணம். கடிதத்தை அழகாக எழுத மொழி தெரிந்தால் போதும். கைக்குட்டையில் குறி இல்லை என்பதுவரை எழுதிவைக்க, இது இன்னொருவர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய பொருள் என்ற எண்ணம் அன்றே இருந்திருக்க வேண்டும்.

படங்களைப் பற்றி ‘அநேகமாக’ என்று ஏன் எழுதினார்கள்?

குழந்தைகளை யாரும் பார்த்ததில்லையே! படத்தின் பின்புறம் பெயர் எழுதியிருந்தால் அந்தச் சொல்லுக்கு வேலை இருந்திருக்காது. மனைவியின் படத்துக்கு ‘அநேகமாக’ போடவில்லை என்பதையும் கவனியுங்கள். ஊகம் சரியாகவே இருந்தது. பிராத்துக்கு அப்போது உயிரோடு இருந்த குழந்தைகள் இருவர்: இரண்டு வயது தாண்டிய பிளாங்கா எஸ்தெலா, கைக்குழந்தை அர்த்தூரோ. மூத்த மகள் 1874இல் பிறந்து சிசுவாகவே இறந்துவிட்டாள்.

சில பக்கங்களில் ‘மனைவியின் மூன்று படங்கள்’ என்று இருக்கும். அது பட்டியலைப் பாதியில் நிறுத்தியதால் வந்த பிழை.

அவை எந்த வகைப் படங்கள்? சட்டைப்பையில் எப்படிக் கொண்டுபோனார்?

பட்டியலில் உள்ள சொல் ‘பிரதி’. அதாவது தாளில் எடுத்த படம். வெள்ளித் தகட்டில் ஒன்றே ஒன்றாக எடுக்கும் பழைய முறைக்கு அந்தச் சொல் பொருந்தாது. 1870களில் பையில் போட்டுக்கொள்ளும் உருவப்படம் என்றால் அது பெரும்பாலும் விசிட்டிங் கார்டு அளவுப் படம். அட்டை சுமார் 6.3 × 10 சென்டிமீட்டர் இருக்கும். பாரிஸின் புகைப்படக்காரர் தீஸ்தேரி 1854இல் காப்புரிமை பெற்ற முறை அது. ஒரே கண்ணாடித் தகட்டில் பல படங்கள் விழுவதால் விலை குறைந்தது. உறவினருக்கும் நண்பருக்கும் கொடுத்து வாங்கும் பழக்கம் உலகம் முழுக்கப் பரவியது.

அச்சிடும் விதம் இப்படி. முட்டை வெள்ளைக்கருவில் உப்பு சேர்த்து நுரை வர அடித்து, தெளிய விடுவார்கள். மெல்லிய தாளை அதன்மேல் மிதக்கவிட்டுக் காயவைப்பார்கள். பிறகு அதைச் சில்வர் நைட்ரேட் கரைசலில் மிதக்கவிட்டு, இருட்டில் உலர்த்தி, கண்ணாடி நெகட்டிவுக்கு அடியில் அழுத்தி வெயிலில் வைப்பார்கள். டெவலப்பர் எதுவும் கிடையாது. வெயிலிலேயே படம் கறுத்து எழும். தங்கக் குளோரைடு கரைசலில் நனைத்தால் செம்பழுப்பு, ஊதா கலந்த பழுப்பாக மாறும். அப்புறம் படத்தை நிலைப்படுத்த ஹைப்போ என்ற ரசாயனக் கரைசல், நெடுநேரம் தண்ணீர், கடைசியில் கஞ்சிப்பசை தடவி அட்டையில் ஒட்டுதல். தாள் அவ்வளவு மெல்லியது. அட்டை இல்லாவிட்டால் சுருண்டுவிடும்.

குழந்தைப் படத்துக்கு மட்டும் தனிப் பாடு. ஈரக் கொலோடியன் தகட்டுக்கு (ரசாயனப் பூச்சு காயுமுன் படமெடுக்கும் கண்ணாடித் தகடு) சில நொடிகள் அசையாமல் இருக்க வேண்டும். பெரியவர்களின் தலையைப் பின்னாலிருந்து இரும்புக் கவட்டையால் தாங்குவார்கள். கைக்குழந்தையை யார் தாங்குவது? அந்தக் காலத்துக் குழந்தைப் படங்களில் கை மங்கலாக இருந்தால் காரணம் அதுதான்.

‘சுடப்படாத வாள்’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். அப்படியென்றால்?

பிழை. ஸ்பானிய மூலத்தில் உள்ள ‘தீரோஸ்’ என்ற சொல்லுக்குச் சூடு என்றும் பொருள், வாளுறையை இடுப்புக் கச்சையோடு இணைக்கும் தோல்வார் என்றும் பொருள். இயந்திரம் முதல் பொருளை எடுத்துக்கொள்கிறது. இங்கே வார்தான்.

இதே கடிதங்களில் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. கிராவ் சண்டையின் தேதியைக் குறிக்கும்போது ‘பிரோக்சிமோ பசாதோ’ என்கிறார். ‘பிரோக்சிமோ’ என்றால் அடுத்த என்று அகராதி சொல்லும். இரண்டும் சேர்ந்தால் ‘சென்ற மாதம்’. கார்மேலா தன் பெயருக்கு முன் போட்ட இரண்டு ‘எஸ்’ எழுத்துகள் நீராவிக் கப்பலின் சுருக்கம் அல்ல. ‘தங்கள் பணிவுள்ள’ என்று நம் பழைய கடிதங்களில் முடிப்பது போன்ற வழக்கம்.

கிராவ் கடிதத்தில் என்னதான் எழுதினார்?

தேதி 1879 ஜூன் 2, இடம் பிசாகுவா துறைமுகம். நீளம் ஒரு பக்கத்துக்குள். தொடக்கமே இந்தக் கடிதம் உங்கள் துயரத்தைக் கூட்டும் என்ற ஒப்புதல். பிறகு பிராத்தை ‘தகுதியும் வீரமும் கொண்ட தங்கள் கணவர்’ என்கிறார். தன் நாட்டுக் கொடியின் பெருமைக்காக ‘முன்பின் பாராத துணிச்சலுக்கு’ இரையானார் என்கிறார். அந்தச் சொல்லை விடக்கூடாது. புகழ்ந்துகொண்டே, தாவியது கண்மூடித்தனமான காரியம் என்ற தொழில்முறைக் கருத்தையும் மறைக்காமல் வைக்கிறார். வெறும் முகமன் எழுதுபவர் அந்தச் சொல்லைப் போடமாட்டார்.

பொருட்களைப் பற்றி ஒரே வாக்கியம்: இவை உங்களுக்குச் சிறிதளவேனும் ஆறுதல் தரும், அதனால்தான் முந்திக்கொண்டு அனுப்புகிறேன். ‘முந்திக்கொண்டு’ என்பது சரியான சொல். போர் முடிந்து கைதிகளும் பொருட்களும் மாற்றிக்கொள்ளும் நேரம்வரை காத்திருக்கலாம் அல்லவா? அவர் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் அனுப்பவே முடிந்திருக்காது. நான்கு மாதத்தில் அவரே இல்லை.

கார்மேலா என்ன பதில் எழுதினார்?

1879 ஆகஸ்ட் 1, வால்பரைசோ. அந்த வாரம் சிலியில் கொந்தளிப்பு. ஜூலை 23 அன்றுதான் வாஸ்கரும் ஊனியோனும் சேர்ந்து ஒரு முழுக் குதிரைப்படைப் பிரிவோடு ரீமாக் என்ற போக்குவரத்துக் கப்பலைப் பிடித்திருந்தன. கிராவின் பெயரைச் சொன்னாலே சிலியர் பல்லைக் கடிக்கும் நேரத்தில் இந்தக் கடிதம் எழுதப்பட்டது.

அவர் இரண்டு வகைப் பொருட்களைப் பிரித்துச் சொல்கிறார்: கணவரின் அன்பால் புனிதமானவை, குடும்பத்தாரின் உருவப்படங்கள் போல, அவருடைய தியாகத்தால் புனிதமானவை, அவர் பெயரைத் தாங்கிய வாள் போல. படங்கள் முதலில், வாள் பிறகு. பின்வந்த சிலை, ஓவியம், நினைவுரை எல்லாம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன.

அடுத்து, ‘தியாகம்’ என்று எழுதியதால் உங்களைக் குற்றம் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம் என்கிறார். முடிந்திருந்தால் கொன்றவனுக்கும் என் கணவருக்கும் நடுவே நீங்கள் பாய்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன் என்கிறார். ஒருபோதும் சரணடையாத வாள் என்பதால் அது விலைமதிப்பற்ற வெற்றிச் சின்னம், அதைக் கைவிட அபூர்வமான துணிவு வேண்டும் என்றும் எழுதுகிறார். அதே வாக்கியத்தில், அந்தத் தியாகம் ‘உங்கள் நாட்டுக்கு எந்தப் பயனும் தராதது’ என்று ஒரு குத்து. பணிவான கடிதம்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எழுதியதல்ல. கணவர் கொல்லப்பட்டு எழுபத்திரண்டாம் நாள்.

கிராவ் தன் உருவப்படத்தைக் கார்மேலாவுக்குப் பரிசாக அனுப்பினார் என்பது உண்மையா?

பட்டியலிலும் இல்லை, இரண்டு கடிதங்களிலும் இல்லை. கொடுக்கப்பட்டவை பிராத் குடும்பத்தின் சொந்தப் படங்கள். எதிரியின் கை வழியாக அவை வீட்டுக்குத் திரும்பின. பரிசு என்ற சொல்லைத் தாராளமாக எடுத்துக்கொண்டால் பொருந்தும், படம் மாற்றிக்கொண்டார்கள் என்பது பொருந்தாது.

கிராவுக்கு என்ன ஆனது? அவருடையவை திரும்பினவா?

1879 அக்டோபர் 8, அங்காமோஸ் முனை. ஹுவான் ஹோசே லத்தோர்ரே தலைமையிலான சிலிக் கப்பல் கொக்ரேன் சுட்ட குண்டு, வாஸ்கரின் கட்டளைக் கூண்டைத் துளைத்து வெடித்தது. உள்ளே இருந்த கிராவின் உடலில் சிறு பகுதிதான் கிடைத்தது. கூடவே உதவி அதிகாரி தியேகோ ஃபெர்ரேவும் இறந்தார். அடுத்தடுத்துப் பொறுப்பேற்ற அதிகாரிகளும் சாய்ந்தார்கள். கடைசியில் கப்பல் சிலியின் கைக்குப் போனது.

சகலை வியேல் இங்கேதான் வருகிறார். கிராவின் எச்சங்கள் சாந்தியாகோவில் வியேல் குடும்பக் கல்லறையில் வைக்கப்பட்டு, 1890இல் பெருவுக்குத் திரும்பின. பிராத்தை இக்கீக்கேயில் அடக்கம் செய்தவர்களும் சிலியர் அல்ல. எதுவார்தோ யானோஸ் என்ற ஸ்பெயின்காரரும் அங்கிருந்த அவருடைய நாட்டாரும். 1888இல் பிராத்தின் உடல் வால்பரைசோ நினைவுச்சின்னத்துக்கு மாற்றப்பட்டது.

பெருவின் நாடாளுமன்றத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது இன்றும் கிராவின் பெயரை வாசிக்கிறார்கள். அவர் பைத்தா தொகுதியின் உறுப்பினர். அவையிலுள்ளவர்கள் ‘இருக்கிறார்’ என்று பதில் சொல்வார்கள். சிலியில் பிராத்தின் முகம் 10,000 பெசோ நோட்டில் இருக்கிறது.

எதிரிகளின் உருவப்படங்கள் ஒரே இடத்தில் மாட்டியிருப்பதாகச் சொல்கிறார்களே, எங்கே?

வாஸ்கர் கப்பலிலேயே. அது இன்று சிலியின் தால்கவானோ கடற்படைத் தளத்தில் மிதக்கும் அருங்காட்சியகம். அந்தக் கப்பலில் உயிர்விட்ட மூன்று தலைவர்களின் உருவப்படங்களும் அங்கே உள்ளன: பிராத், கிராவ், தாம்சன். தாம்சன் இறந்தது 1880 பிப்ரவரி 27, அரிக்காவில். அப்போது வாஸ்கர் சிலிக் கொடியோடு பெருவை எதிர்த்துச் சண்டையிட்டுக்கொண்டிருந்தது. ஒருவர் கப்பலைத் தாக்கியவர், ஒருவர் காத்தவர், ஒருவர் பிடிபட்ட பின் நடத்தியவர்.

இதில் எல்லோருக்கும் சம்மதம் என்று நினைக்க வேண்டாம். கப்பல் தங்களுக்குத் திரும்ப வேண்டும் என்று பெருவில் பலர் கருதுகிறார்கள். மரியாதையோடு வைத்திருந்தாலும் அது போரில் பிடித்த பொருள்தானே என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். தால்கவானோ, கொன்செப்சியோன் நகரை ஒட்டிய துறைமுகம். சாந்தியாகோவிலிருந்து தெற்கே சுமார் 500 கிலோமீட்டர். கப்பல் இருப்பது கடற்படைத் தளத்துக்குள் என்பதால் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். பார்க்க வேண்டியவை: கையால் சுழற்றும் கோபுரம், பிராத் விழுந்த இடத்தில் தளத்தில் உள்ள அடையாளம், கிராவ் இறந்த கூண்டு, தலைவரின் அறை. கோபுரத்துக்குள் நின்றால் பதினாறு பேர் திருகியும் ஏன் குறி தப்பியது என்பது புரிந்துவிடும். 2010 பிப்ரவரி நிலநடுக்கத்தில் சுனாமி இந்தத் துறைமுகத்தைப் புரட்டிப்போட்டது, வாஸ்கர் பெரிய சேதமின்றித் தப்பியது.

இக்கீக்கேயில் எஸ்மெரால்டாவின் முழு அளவு மாதிரி ஒன்று 2011இல் திறக்கப்பட்டது. மூலக்கப்பல் அதே விரிகுடாவின் அடியில் கிடக்கிறது.

எங்கள் வீட்டிலும் அந்தக் காலத்து அட்டைப் படம் இருக்கிறது. எப்படிப் பாதுகாப்பது?

பழுப்பு மஞ்சள் நிறம், லேசான பளபளப்பு, உற்றுப் பார்த்தால் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்பு, அதன் ஊடே தாளின் நார் தெரிவது: இவை இருந்தால் முட்டைக்கருப் படமாக இருக்கலாம்.

கெடுவதற்கு மூன்று காரணங்கள். ஈரப்பதம் வெள்ளைக்கருவை மஞ்சளாக்கி, வெள்ளித் துகளை மங்கச் செய்யும். அன்று சரியாகக் கழுவாமல் விட்ட ஹைப்போ உள்ளிருந்து அரிக்கும். ஓரத்திலிருந்தோ திட்டுத்திட்டாகவோ வெளுத்தால் அதுதான். கஞ்சிப்பசையைத் தேடி ராமபாணப் பூச்சி வரும். நம் கடலோர ஊர்களில் மூன்றும் சேர்ந்தே நடக்கும்.

ஈரத்துணியால் துடைக்காதீர்கள், வெள்ளைக்கரு ஊறி உரிந்துவிடும். லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். வளைந்த அட்டையை அழுத்தி நிமிர்த்தினால் படம் குறுக்கே வெடிக்கும். அட்டையின் பின்புறத்தைத் தூக்கி எறியாதீர்கள், ஸ்டூடியோ பெயர் அங்கேதான் இருக்கும். பெயர் எழுத வேண்டுமானால் பென்சிலால், அட்டையின் பின்னால், ஓரத்தில், மெதுவாக. எழுதிவைக்காவிட்டால் உங்கள் பேரப்பிள்ளைகளும் ‘அநேகமாக’ என்று எழுத வேண்டியதாகும்.

அமிலமற்ற தாள் உறையில் தனித்தனியாக வைத்து, பெட்டியில் போட்டு, வீட்டின் உட்புற அலமாரியில் வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் மழைக்காலத்தில் ஈரம் ஏறும். சிலிக்கா ஜெல் பையைப் போட்டால் மாதம் ஒருமுறை மாற்றுங்கள், ஊறிப்போன பை ஈரத்தைத் திருப்பிக் கொடுக்கும். சுவரில் மாட்ட ஆசையிருந்தால் 600 டிபிஐயில் ஒரே ஒரு முறை ஸ்கேன் செய்து நகலை மாட்டுங்கள்.

நம் கடல் பக்கம் இப்படி ஏதாவது உண்டா?

படம் இல்லை, ஆனால் நெருங்கிய ஒன்று உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் கப்பல் எம்டன். ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றும் சொல்கிறோமே, அதே எம்டன். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி அதை வீழ்த்தியபோது, தலைவர் கார்ல் ஃபொன் முல்லரும் அதிகாரிகளும் தங்கள் வாள்களை வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டார்கள். எம்டனின் பெயர்ப்பலகையை 1933இல் ஆஸ்திரேலியா ஜெர்மனிக்குத் திருப்பிக் கொடுத்தது.

சிலியோடு தொடர்புடைய இன்னொன்று. ஜப்பானின் மிகாசா போர்க்கப்பலை மீட்டெடுக்க அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸ், தன் கட்டுரைக்குக் கிடைத்த பணத்தை நன்கொடையாகக் கொடுத்தார். ஜப்பானியக் கடற்படையை எதிர்த்துப் போரிட்டு வென்றவர் அவர். அந்த மீட்டெடுப்புக்குத் தேவையான பழைய பாகங்கள் பல, 1959இல் உடைக்க ஜப்பான் வந்த ஒரு சிலிக் கப்பலிலிருந்து எடுக்கப்பட்டன. கப்பலின் பெயர் அல்மிரான்தே லத்தோர்ரே. கிராவைக் கொன்ற குண்டைச் சுட்ட கப்பலின் தலைவர் பெயரைத் தாங்கியது.

பெயர்களை எப்படி உச்சரிப்பது?

கிராவ் ஒரே அசை, ‘கிராவு’ என்று நீட்ட வேண்டாம். பிராத்தின் கடைசி ‘த்’ மெலிதாக ஒலிக்கும். வாஸ்கர் இன்கா மன்னன் ஒருவனின் பெயர், முதல் எழுத்தான ‘ஹ’ ஸ்பானிய மொழியில் ஒலிக்காது; ‘ஹுவாஸ்கர்’ என்று தமிழில் எழுதுபவர்கள் எழுத்துக்கூட்டி எழுதுகிறார்கள். கார்வஹாலில் ‘ஹ’ தொண்டையிலிருந்து வர வேண்டும், ‘கார்வஜல்’ அல்ல. இக்கீக்கேயில் கடைசி ‘கே’யை விழுங்காதீர்கள்.